தண்டாயுதபாணியின் கீழுதடு

சோதனைக் குழாயைக் கழுவுவதற்கு முன் தண்டாயுதபாணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார். அடியில் தங்கிய வண்டலைக் கண்டாலே போதும், பையன் தேறினானா, கோட்டை விட்டானா என்று தெரிந்துவிடும். "எடப்பாடிக்காரன் இன்னைக்கும் அவசரப்பட்டுட்டானுங்க" என்று தண்ணீர்க் குழாயிடம் சொல்லிவிட்டுத் தேய்க்க ஆரம்பிப்பார்.

கல்லூரி சின்னது. வேதியியல் கூடத்துக்கு ஒரே அட்டெண்டர். அண்ணன் தம்பிகள் தறியில் உட்கார்ந்துவிட, இவர் மட்டும் பத்தொன்பது வருஷமாக அமிலத்தோடு குடித்தனம் நடத்துகிறார். பொத்தல் விழாத சட்டை ஒன்று அவரிடம் கிடையாது. பிராக்டிகல் பரீட்சையில் பையன்கள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டிய உப்பு, எந்த எண்ணுக்கு எது என்பது பேராசிரியருக்கு அடுத்தபடி இவருக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்லமாட்டார். ஆகவே விடுதிப் பையன்கள் அவர் முகத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். இருமினால் தாமிரம், காதைச் சொறிந்தால் ஈயம் என்று சீனியர்கள் நோட்டில் எழுதியே ஜூனியர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவருக்கு நெஞ்சுச்சளி பிடித்த வருஷம் பாதி வகுப்பு தாமிரம் என்று எழுதித் தோற்றது.

எண்பத்திரண்டில் அவர் மகள் சாரதாமணியே இறுதியாண்டுப் பரீட்சைக்கு வந்து நின்றாள். "உனக்கென்னடி, உங்கப்பா மூஞ்சியே கைடு" என்று தோழிகள் சீண்டினார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அது. ஆனால் அவள் சொந்தமாகத் தேறினாள் என்று ஊரில் ஒருத்தரும் நம்பப் போவதில்லை. தண்டாயுதபாணிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. பரீட்சை நாளுக்கு லீவு கேட்டுப் பார்த்தார். வேறு ஆள் இல்லை என்று பேராசிரியர் கைவிரித்துவிட்டார்.

பரீட்சையன்று காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் வாய் திறந்தாள்.

"அப்பா, குழாய்ல கேஸ் புடிக்க நான் வாரப்போ கண்ணை மூடிக்கோங்க."

"ஏஞ்சாமி?"

"ஆராச்சும் தப்பாப் பண்ணுனா உங்க கீழுதடு உள்ள போயிருமுங்க. மத்தவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நானாத்தான் தேறோணும்."

அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் வாயைக் கட்டிவைத்தவருக்கு, உதடு தனியாக ஒரு தொழில் பார்த்து வந்தது அன்றுதான் தெரிந்தது.

அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த கேஸை அவர்தான் திறந்துவிட வேண்டும். ஒவ்வொருவராகக் குழாயோடு வந்தார்கள். சாரதாமணிக்குச் சீட்டில் விழுந்தது பதினேழு. காலையில் அவரே தன் கையால் நிறுத்து வைத்த உப்பு, காட்மியம். கேஸ் பட்டதும் மஞ்சளாகப் படிய வேண்டும். முன்னால் விட்ட அமிலம் கூடிப்போயிருந்தால் ஒன்றும் படியாது. பாதிப் பேர் சறுக்குகிற இடம் அதுதான்.

மகள் எதிரே வந்து நின்றாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தடவி கேஸ் குழாயின் திருகைத் திறந்தார். குமிழ் விடும் சத்தம் கேட்டது. மஞ்சள் இறங்குகிறதா என்று ஒரே ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. "போதுங்க" என்றாள், அப்பா என்று சொல்லாமல். அவள் செருப்புச் சத்தம் மேசைக்குப் போய்ச் சேரும்வரை அவர் கண் திறக்கவில்லை.

சாயங்காலம் தேர்வாளர் மதிப்பெண் உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய பிறகு, தண்டாயுதபாணி கழுவ உட்கார்ந்தார். ஒன்றிலிருந்து பதினாறு வரை வெளிச்சத்தில் பார்க்காமலே கழுவினார். பதினேழை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கினார். அடியில் அரைத்த மஞ்சளைப் போல ஒரு விரல்கடை படிந்திருந்தது. அதை மட்டும் கழுவாமல் ஜன்னல் கட்டையில் நிறுத்திவிட்டு, பதினெட்டை எடுத்தார்.