பிரிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிறோமுங்க

சுதாராணியின் வீட்டில் பொம்மைக்கு ஒரே ஒரு கூடைதான். காபிப் பழம் பறிக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்வார்களே, அந்த மூங்கில் கூடை. அதற்குள் அடங்குவது இருக்கலாம். அடங்காதது வாசற்படி தாண்டக்கூடாது. நாகலூர் பக்கத்து எஸ்டேட் லைனில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், பத்தடிக்குப் பத்தடி வீடு. அடுப்புக்கு ஒரு மூலை, கட்டிலுக்கு ஒரு மூலை, துணிக்கொடிக்கு ஒரு மூலை போனால், மிச்சமிருக்கும் மூலையில் இரண்டு பிள்ளைகள் புரள வேண்டும். ஐந்து வயது கீர்த்திகா, இரண்டு வயது கார்த்தி. இந்த லட்சணத்தில் சேலத்து அத்தை வாங்கிக் கொடுத்த ஆளுயரக் கரடி உட்கார இடம் கேட்டால், யார் எழுந்து நிற்பது? கரடி வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது. அத்தை ஆறு மாதம் பேசவில்லை. சுதாராணி அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை.

உள்ளே வருகிற பொம்மைக்கும் சோதனை உண்டு. சக்கரத்தைப் பிடித்து இழுப்பாள். கண்ணைத் திருகிப் பார்ப்பாள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று நகத்தால் நெம்புவாள். கார்த்திக்கு எதையும் வாயில் போட்டுப் பார்த்தால்தான் திருப்தி. அவன் வாய்க்குள் கழன்று விழக்கூடிய எதுவும் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காது.

"பொம்மைக்கே இந்தப் பாடு படுத்தறியே, மாப்பிள்ள பாக்கறப்ப என்ன பாடு படுத்தின?" என்பாள் பக்கத்து வீட்டுக் காமாட்சி.

"அங்கதான் அக்கா அசந்துட்டேன்" என்பாள் சுதாராணி, புருஷன் காதில் நன்றாக விழும்படி. எஸ்டேட் ஜீப் ஓட்டும் ராஜ்குமார் கேட்காததுபோல் பீடியைப் பற்றவைத்துக்கொள்வான்.

இப்படி ஒவ்வொன்றையும் திருகிப் பார்க்கிற குணம் அவளுக்கு வந்தது ஒரு கப்பலால்.

அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, முதலாளி பங்களாப் பேரப்பிள்ளைகள் விளையாடித் தீர்த்த பொம்மைகளையெல்லாம் அட்டைப்பெட்டிகளில் போட்டு, டேப் ஒட்டி, காபி காயப்போடும் களத்துக்குக் கொண்டுவருவார்கள். பங்களா அம்மா நாற்காலியில் உட்கார, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பெயர் படிக்க, லைன் பிள்ளைகள் வரிசையில் வந்து கைநீட்டி வாங்கி, தேங்க்ஸ் சொல்லி, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். பெட்டியை வீட்டுக்குப் போய்த்தான் பிரிப்பது. அங்கேயே பிரிப்பது மரியாதை இல்லையாம்!

எட்டு வயதில் சுதாராணிக்குக் கிடைத்தது துண்டு துண்டாகச் சேர்க்கிற அட்டைக் கப்பல். வீட்டில் சேர்த்துப் பார்த்தால் கப்பலின் நடுவயிற்றில் நாலு ஓட்டை. நாலு துண்டு இல்லை. "பங்களாவுல குடுத்தத ஒரு பொழுதுகூட உன்னால காப்பாத்த முடியலியா? நாளைக்குக் கேட்டாங்கன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வெப்பேன்?" என்று அப்பா மாதப்பன் காபி விளாரை ஒடித்து முழங்காலுக்குக் கீழே விளாசினார். வருஷம் முழுக்க அவள் அந்த நாலு துண்டைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், சாக்கடையில், கோழிக்கூட்டில் கையை விட்டுக்கூடத் தேடினாள்.

பத்தொன்பது வயதில் காபிக்கொட்டை பொறுக்கும் வேலைக்கு வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பொறுக்குகிற பெண்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. ரைட்டர் வந்து முன்னால் நின்று சாக்கின் தையலைப் பிரிக்க வேண்டும். ஒரு கை அள்ளி முறத்தில் பரப்ப வேண்டும். கறுப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு, பூச்சி அரித்தது எவ்வளவு என்று எல்லோரும் பார்த்த பிறகுதான் பெண்கள் கை வைப்பார்கள். பார்க்காமல் வாங்கினால், உள்ளே இருக்கிற உடைசலெல்லாம் பொறுக்கினவள் உடைத்ததாகிவிடும். முதல் நாள் அதைக் கேட்டதும் சுதாராணி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தக் கப்பல் பெட்டியை யார் முன்னால் பிரித்தார்கள்? ஒருத்தரும் பார்க்கவில்லையே! இல்லவே இல்லாத துண்டைத் தேடித்தானா ஒரு வருஷம் போயிற்று? அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

இத்தனை தெரிந்தவள், போன வருஷம் அதே தப்பைச் செய்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

போன பொங்கலுக்குக் கீர்த்திகா கையில் வந்தது ஒரு குட்டி பியானோ. சுதாராணி மேல்காட்டில் பழம் பறிக்கப் போயிருந்தாள். பிள்ளை தானாகப் பிரித்து அமுக்கிப் பார்த்திருக்கிறது. சத்தமே இல்லை. இன்னும் அழுத்தி அமுக்கியதில் ஒரு கட்டை கழன்று கையோடு வந்துவிட்டது. தொட்டதையெல்லாம் உடைக்கிற கையாம், லைன் பிள்ளைகள் "ஒடசக்கை, ஒடசக்கை" என்று கூப்பாடு போட, வேலை முடிந்து அலுத்து வந்த சுதாராணியும், "உன் கையில ஒண்ணுகூட நிக்காதா?" என்று கத்திவிட்டாள். ராஜ்குமார் தன் பங்குக்கு, அந்தப் பியானோவையும் மிச்சமிருந்த பொம்மைகளையும் பாலிதீன் கவரில் கட்டி டி.வி.க்கு மேலே பலகையில் ஏற்றிவைத்தான். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "புள்ளைக்கு எத்தன பொம்ம!" என்றார்கள். பிள்ளையும் அண்ணாந்துதான் பார்த்தது.

மூன்று மாதம் கழித்து, பலகையிலிருந்து இறக்கிச் சோதித்தபோது சுதாராணி அந்தப் பியானோவின் அடிமூடியைத் திறந்தாள். உள்ளே பேட்டரி கசிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, கம்பியெல்லாம் இற்றுக் கிடந்தது. மூணு மாதத்தில் வருகிற கசிவு இல்லை அது. மூணு நாலு வருஷத்துச் சமாச்சாரம். அன்றைக்கே பலகையைக் காலி செய்து, கவரையெல்லாம் கிழித்துப் பொம்மைகளைக் கூடையில் கொட்டினாள்.

"எடுத்து வெளையாடு கண்ணு."

கீர்த்திகா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "வேண்டாம். நான் தொட்டா ஒடஞ்சிரும்."

"அந்தப் பியானோவ நீ ஒடைக்கல சாமி. அது வரப்பவே கெட்டுப் போயிருந்துச்சு."

"நீ சும்மா சொல்ற."

அதற்குப் பிறகு ஒன்பது மாதம். தம்பி விளையாடினால் தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள். கார்த்தி ஒரு காரைக் கொண்டுவந்து மடியில் போட்டால், தொடாமல் மடியைச் சரித்துக் கீழே இறக்கிவிடுவாள். பால்வாடி டீச்சர் களிமண் கொடுத்தால்கூட வாங்க மாட்டாளாம். ஐந்து வயசுப் பிள்ளை! வெறும் பேச்சால் இது தீராது, அவள் கண்ணால் பார்க்க வேண்டும், 'ஒடசக்கை' என்று சொன்ன அத்தனை பேர் முன்னாலும் பார்க்க வேண்டும் என்று சுதாராணி முடிவுகட்டினாள்.

இந்த வருஷம் அந்த ஞாயிறு காலையில், தலை வாரிக்கொண்டே ராஜ்குமாரிடம் சொன்னாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"களத்துல வெச்சுப் பிரிக்கறதா? ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? நொம்ப பெரிய எடம் அது. இருக்கற ஊடு அவங்க குடுத்தது."

"ஊடு அவங்க குடுத்தது. புள்ள நான் பெத்ததுங்க. நீங்க ஜீப்புலயே உக்காந்துக்கங்க, உங்கள யாரும் கூப்புடல."

களத்தில் பனி இன்னும் விலகவில்லை. பங்களா அம்மா சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். ரைட்டர் தனபால் பெயர் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக வாங்கி, பல்லைக் காட்டி, நகர்ந்தது.

"கீர்த்திகா, டிரைவர் ராஜ்குமார் மக!"

கீர்த்திகா போனாள். பெட்டியை நீட்டினார்கள். அவள் கை இரண்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

"வாங்கிக்கோ பாப்பா, உனக்குத்தான்" என்றார் பங்களா அம்மா.

"ஒடசக்கைக்குப் பயமுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. களமே சிரித்தது.

சுதாராணி, கார்த்தியைக் காமாட்சி இடுப்பில் மாற்றிவிட்டு முன்னால் வந்தாள். பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள்.

"பிரிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிறோமுங்கம்மா."

சிரிப்பு நின்றது. தனபாலுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, சும்மா குடுக்கறத வாங்கறதுக்கு இத்தன நொரநாட்டியமா? எடுத்துக்கிட்டு நட."

"ரைட்டருங்க, நீங்க முன்னால நின்னு தையலப் பிரிக்காம, நாங்க ஒரு சாக்குலயாச்சும் கை வெச்சிருக்கமுங்களா?"

"அது காப்பி. இது பொம்ம."

"காப்பிக்கொட்டைக்கு இருக்கற மரியாத எம்புள்ளைக்கு வேண்டாமுங்களா?"

தனபால் பெட்டியைப் பிடுங்கக் குனிந்தார். பங்களா அம்மாதான், "பிரிக்கட்டுமே தனபால். எல்லாம் நல்ல பொம்மைதான்னு வீட்டில சொன்னாங்களே" என்றார். பாவம், அவரும் பெட்டிக்குள் பார்த்தவர் இல்லை.

சுதாராணி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து டேப்பைக் கிழித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, களத்தில் கிடந்த முறம் ஒன்றில் பரப்பினாள். சிவப்புத் தீயணைப்பு வண்டி ஒன்று. ஏணி முறிந்திருந்தது, முன்சக்கரம் ஒன்று இல்லை. தலை தனியாக ஒரு குதிரை. அடியில் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள், அவை மட்டும் முழுசாக.

"பாரு சாமி. இந்த டேப்ப யாரு கிழிச்சது?"

"நீ."

"அதுக்கு முன்னால உன் கை உள்ள போச்சா?"

"இல்ல."

"அப்ப இந்த ஏணிய ஒடச்சது யாரு?"

கீர்த்திகா ஏணியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். "நானில்ல" என்றாள் மெதுவாக. பிறகு திரும்பி, வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள். "நானில்ல!"

அப்புறம் அம்மாவின் முந்தானையை இழுத்தாள். "அந்தப் பியானோ?"

"அதுவும் நீயில்ல கண்ணு. பாக்காமக் கொள்ளாம உன்னத் திட்டினது நான். தப்பு என்மேல." இதையும் சுதாராணி எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை.

களத்தில் டேப் கிழிகிற சத்தம் இன்னொன்று கேட்டது. காமாட்சி, தன் பேரன் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கைதேர்ந்த பொறுக்குக்காரிகள் ஆயிற்றே! நல்லது ஒரு பக்கம், உடைசல் ஒரு பக்கம் என்று கால் மணி நேரத்தில் களம் இரண்டாகப் பிரிந்தது. பேட்டரி மூடிகளைத் திறக்க முடியாமல் நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தபோது, சுதாராணி பக்கத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர் வந்து நீண்டது. நிமிர்ந்து பார்த்தாள். ராஜ்குமார்.

"ஜீப்புல கெடந்துச்சு" என்றான், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

"நல்லதெல்லாம் புள்ளைங்க எடுத்துக்கட்டுமுங்கம்மா. ஒடசல் பங்களாவுக்கே வரட்டும்" என்று சுதாராணி எழுந்தாள். உடைசல்தான் பெரிய குவியல். பங்களா அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அதற்கு மேல் போட்டோ எடுக்கவில்லை.

தனபால் சும்மா விடுவாரா? மறுநாளிலிருந்து சுதாராணிக்குக் கடைசிக் காடு. ஏறி இறங்க முக்கால் மணி நேரம், அட்டை கடிக்கிற இடம். ஒரு மாதம் போனாள். "எப்படி இருக்குது காடு?" என்று அவர் கேட்டபோது, "காத்து நல்லா வருதுங்க" என்றாள்.

அந்த ஞாயிறு சாயங்காலமே அப்பா மாதப்பன் வந்திருந்தார். ரிட்டயரான பிறகு தலைச்சோலையில் மகனோடு இருக்கிறார். களத்துச் சேதி பஸ்ஸிலேயே அவரை எட்டிவிட்டது. டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தக் கப்பல்… நாலு துண்டு உள்ள இருந்துச்சா இல்லியான்னு நான் பாக்கவே இல்ல கண்ணு."

"ஆமாங்கப்பா. பாக்காமயே அடிச்சீங்க."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடியது இல்லை அது. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார்.

மரக்கட்டைகள் கூடைக்குப் போயின. இடம் போதாமல் பழைய கார் ஒன்று காமாட்சி பேரனுக்குப் போனது. முதல் வாரம் கீர்த்திகா ஒரு விரலால் மட்டும் கட்டையைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டாம் வாரம் இரண்டு கையாலும் அடுக்கினாள். தம்பி சரித்துவிட்டால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சுதாராணி கண்டும் காணாததுபோல் இருந்துகொண்டாள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், கடைசிக் காட்டிலிருந்து அவள் இறங்கி வரும்போதே வீட்டுக்குள் ஏதோ மடாரென்று விழும் சத்தம் கேட்டது. கார்த்தி அலறினான். இவள் படியில் கால் வைப்பதற்குள் கீர்த்திகா வெளியே ஓடிவந்தாள். ஒரு கையில் பொம்மைப் பஸ், இன்னொரு கையில் அதன் சக்கரம். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

"அம்மா! இத நான்தான் ஒடச்சேன்!"