பதினொரு நிகாப்களை நான் போட்டுக் கழற்றினேன்

தென்காசியில் ஒரு பர்தா கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். வருகிற பெண்களுக்கு நிகாப், அதாவது முகத்திரை, கட்டிக் காட்டுவதுதான் என் வேலை. அதுவரை எங்கள் பக்கம் பெரும்பாலும் கறுப்புதான். நான் சேர்ந்த சமயத்தில் பிஸ்தா பச்சை, வெங்காயத்தோல் ரோஸ், கடுகு மஞ்சள், பீச் என்று வந்து இறங்கத் தொடங்கின. எந்த அபாயா அங்கிக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும், கண்ணாடி போடுகிறவளுக்கு நாடாவை எங்கே இறக்கிக் கட்டினால் மூச்சு ஆவியாகக் கண்ணாடியில் படியாது, சேஃப்டி பின்னை எங்கே குத்தினால் பஸ் காற்றுக்குத் துணி பறக்காது, இதெல்லாம் கைப்பழக்கமாகிவிட்டது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கடை ஒரு அக்காவுடையது. அவள் புருஷன் வெளிநாட்டில். தனியாகவே கடையை நடத்தினாள். ஒரு சீசன் சமயம் என்னிடம் சொன்னாள்:

"ஏட்டி, நாளைக்கு குத்தாலத்துல வச்சு ஒரு வீடியோ எடுப்போம். சாரல்ல கலரு நல்லா எடுத்துக் காட்டும். நீயே போட்டுக்கோ. கண்ணு மட்டும்தான தெரியப் போவுது."

"எனக்குச் சளி பிடிச்சிருக்குக்கா."

"மூஞ்சிய மூடித்தான இருக்கும்."

ஐந்தருவிக்குப் போகிற வழியில், வேன்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடி. பதினொரு நிகாப்கள். நாங்கள் வந்த காருக்குள் ஜன்னலில் துப்பட்டாவைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். அக்கா போனில் எடுத்தாள். மசாஜ் எண்ணெயும் ஈரத் துண்டும் மிளகாய் பஜ்ஜியும் கலந்த வாடை. சாரலில் துணி நனைந்து வாயோடு ஒட்டியது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. பீச் நிறத்தைப் போட்டிருந்தபோது மூன்று தரம் தும்மினேன். அக்கா போட்டுவிட்ட கண்மை வழிந்து நிகாபின் மேல்பட்டையில் இறங்கியது.

அக்கா எல்லாவற்றையும் துவைத்துவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் போனால் அக்கா அத்தரைத் தெளித்து, பின்பக்கமாக அயர்ன் போட்டுக்கொண்டிருந்தாள். சூடு பட்டதும் அத்தருக்கு அடியிலிருந்து என் வாய் நாற்றம் எழும்பியது. என்னுடையதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

"துவைக்கலியாக்கா?"

"தண்ணி பட்டா புதுத்துணி மொடமொடப்பு போயிரும்லா. மடிச்சு கவர்ல போடு."

மடித்தேன். மைக்கறை தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பி மடித்ததும் நான்தான். அக்கா சொல்லித்தரவில்லை.

வீடியோ நன்றாகப் போனது. "வீடியோல பாத்த அந்தக் கலரு" என்று கேட்டே வந்தார்கள். ஒரு வாரத்தில் ஆறு போய்விட்டன. ஒவ்வொன்றையும் கையில் கொடுக்கும்போது அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகினேன்.

அப்புறம் புளியங்குடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போட என்று பீச் நிறத்தை எடுத்தார். "கண்ணாடியோட எப்படிக் கட்டணும்னு காட்டும்மா" என்றார்.

கடைக்குள் போட்டுப் பார்க்கிற திரை மறைப்புக்குள் கூட்டிப்போனேன். நாடாவைக் காதுக்குச் சற்று மேலே வரை இறக்கி, பின்னால் முடிச்சுப் போட்டேன். என் எச்சில் காய்ந்த துணி அவர் உதட்டின் மேல் கிடந்தது. அவர் ஒரு மூச்சு இழுத்தார். அப்படியே நின்றார்.

"இத யாரோ போட்ருக்காவ."

வெளியே நின்ற அக்கா முந்திக்கொண்டாள். "புதுசுதான் மைனி. துணிக்கட்டுல இருந்த வாடையா இருக்கும்."

"நான்தான் போட்டேன்" என்றேன். "சளியோட போட்டேன். துவைக்கல."

அந்த அம்மா துணியைக் கழற்றினார். தன் ஸ்கார்ஃப் நுனியால் வாயைத் துடைத்தார், இரண்டு தரம். உண்மையைச் சொன்னதற்காக என்னை ஒரு மாதிரி நல்லவளாகப் பார்ப்பார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் கேட்டது வேறு.

"தெரிஞ்சுகிட்டேதான் என் வாயில கட்டுனியா?"

அவர் படியிறங்கிப் போய் தெருவோர வாறுகால் சாக்கடையில் துப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா என்னை வேலையை விட்டு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் டீ வாங்கிவரச் சொன்னாள், எனக்கும் சேர்த்து. "ஒனக்கு ஒடம்பு சரியில்ல, அதான் என்னமோ பேசிட்ட" என்றாள். அந்தக் கரிசனம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. ஆனாலும் டீயைக் குடித்தேன்.

பீச்சையும் மிச்சம் நான்கையும் அடுத்த பத்து நாளில் விற்றோம். கவரில் போட்டுக் கொடுத்தது நான்தான்.

மாதம் முடிந்ததும் நின்றுவிட்டேன். வீட்டில் கேட்டதற்கு முதுகு வலி என்றேன். அதுவும் பொய்.