பாட்டிலுக்கு முன்னால் ஒரு ஊசி

"ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட எம்புட்டு நேரம் சிஸ்டர்?"

ராஜபாளையத்தில் முப்பது வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வரும். காய்ச்சலா, பாட்டில். தலைசுற்றலா, பாட்டில். குடித்துவிட்டு விழுந்தானா, ரெண்டு பாட்டில்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை இதைக் கேட்டவர் ரெங்கசாமியின் அண்ணன். ரெங்கசாமி மில் தொழிலாளி, பல வருஷக் குடி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு மனைவி நேர்ந்துகொள்ள, மூன்று நாளுக்கு முன் குடியைச் சட்டென்று நிறுத்தியிருந்தார். கை நடுங்கியது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலை அகட்டித் தள்ளாடினார்.

"குடிச்சிருக்காரா?"

"சத்தியமா இல்ல சிஸ்டர். அவிய விரதம்லா" என்றார் மனைவி.

"கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"மூணு நாளா துளசித் தண்ணி. குடிக்கிற நாள்லயும் எங்க சாப்புடுதாவ? ஊறுகாதான்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சாராயம் மூளையை அமுக்கும். மூளையும் ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம்தான் மிஞ்சும். நடுக்கம், சிலருக்கு ஃபிட்ஸ். இது போதாதென்று, சோறில்லாத உடம்பில் பி-ஒன் சத்து வற்றியிருக்கும். சர்க்கரையை எரிக்க மூளைக்கு அது வேண்டும். வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, கண்ணும் நடையும் கெடும்; ஞாபகமே அழிந்தாலும் அழியும். அதனால் டாக்டர் முதலில் தயமின், அதாவது அந்த பி-ஒன் ஊசியை எழுதினார்.

அண்ணன் கத்தினார்: "தம்பி சாகக் கெடக்கான், சத்து ஊசி போடுதீயளே! காலைல எங்க தெருவுல ஊசி போடுதவரு, நாங்க கேட்டதும் இவனுக்கு ரெண்டு பாட்டில் ஏத்துனாரு!"

"இதை வந்ததுமே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க பாட்டில் போட மாட்டியளே!"

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் ஊசியின் டோஸைக் கூட்டினார். என் மேலும் தப்பு உண்டு. என்ன சாப்பிட்டார் என்று கேட்டவள், என்ன ஏற்றினார்கள் என்று கேட்கவில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, இரண்டையும் கேளுங்கள். குடியை விடுகிறவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே விடட்டும் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள்.

சில நாளில் கண் நிலைத்தது. பிறகு நடையும் வந்தது. அடுத்த மாதம் ரெவ்யூவுக்கு மனைவி அவரை அழைத்து வந்தார். இடுப்பில் அவர்களுடைய ரெண்டு வயதுப் பெண் குழந்தை.

"இப்பம் குடியக் கேக்கதே இல்ல சிஸ்டர்" என்றார். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "இவ யாரு வீட்டுப் புள்ளன்னுதான் தெனமும் கேக்காவ."