ஆளுக்கொரு காளை

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகச் சேர்ந்த வருஷம்தான் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. தாத்தாவின் ஆண்டுத் திவசம் முடியும்வரை பொறுத்திருந்தார்கள், அவ்வளவுதான். மறுநாளே ஊரில் பெரிய மனிதர்கள் என்று சொல்லப்பட்ட நாலைந்து பேர் எங்கள் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே பாகம் வைத்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிரே இருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் என்று அவர்களுக்கு வேறு யாரும் கிடையாது.

கால்வாயை ஒட்டிக் கிடந்த வயலைச் சரிபாதியாக அளந்து நடுவில் புதிதாக ஒரு வரப்பு போட்டார்கள். வீட்டுக்கு நடுவில் மண்சுவர் வைப்பது என்று முடிவாயிற்று. கிணறு மட்டும் பொது, சுவர் அதன் விளிம்பில் வந்து நிற்கும். உரல் அவர்களுக்கு, அம்மி எங்களுக்கு. பெரிய உருளி அவர்களுக்கு, சின்ன உருளி இரண்டும் எங்களுக்கு. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. உலகத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அப்புறம் தொழுவத்துக்கு வந்தார்கள்.

தொழுவத்தில் இரண்டு காளைகள் நின்றன. ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல் நிற மயிலை. கன்றாக இருக்கும்போதே வாங்கித் தாத்தா பழக்கிய ஜோடி. வெள்ளை நுகத்தில் எப்போதும் இடப்பக்கம் நிற்கும், மயிலை வலப்பக்கம். ஏர் திரும்பும்போது இடப்பக்கத்து மாடு நின்ற இடத்திலேயே கால் மாற்றிச் சுழலவேண்டும், வலப்பக்கத்து மாடு வெளியே சுற்றி வரவேண்டும். பத்து வருஷமாக இப்படி நடந்து பழகிய மாடுகளைப் பக்கம் மாற்றிக் கட்டினால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் இழுக்கும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

பெரிய மனிதர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது. ஜோடியை ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும், பசுவும் கன்றும் வண்டியும் மற்றவருக்கு என்றார். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோடி தனக்கு வேண்டும் என்பதில்லை, அவனுக்குப் போய்விடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். கடைசியில் வெள்ளை எங்களுக்கு, மயிலை அவர்களுக்கு, பசு அவர்களுக்கு, வண்டி எங்களுக்கு என்று தீர்ந்தது. இழுக்க ஜோடி இல்லாத வண்டி.

அம்மை நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"ஒத்தக் காளைய வச்சிக்கிட்டு என்ன செய்யதுக்கு? கோயிலுக்கு நேந்து விடவா?"

"பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு? உள்ள போ" என்றார் அப்பா.

பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். புத்தியுள்ளவர் என்று சொன்னேனே, அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அன்றைக்கு அறிவோடு பேசப்பட்ட ஒரே பேச்சு அது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு பூ. சித்திரையில் விதைத்து ஆவணி புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. அறுத்த கையோடு உழுது நட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ. பாகம் வைத்தபோது கன்னிப்பூ வயலில் நின்றது. அதை அறுத்துக் களத்தில் நெற்பொலியைப் பாதியாக்கி ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனதுபோல இருந்தது. கும்பப்பூவுக்கு உழவேண்டும் என்று வந்தபோதுதான் முழி பிதுங்கியது. நாற்றங்காலில் நாற்று எழுந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஏர் கட்ட மாடில்லை. அந்தப் பூ போனால் அடுத்த ஆவணிவரை வீட்டில் நெல் கிடையாது.

அப்பா சந்தைக்குப் போய் ஒரு காளை பிடித்துவந்தார். வலப்பக்கம் பழகிய மாடு என்று தரகர் சத்தியம் செய்தாராம். கட்டிப் பார்த்தால் அதுவும் இடப்பக்கத்து மாடு. இரண்டும் ஒரே இடத்துக்கு முண்டின. மறுநாள் வெள்ளையின் தோளில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அப்பா அந்த மாட்டைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார். வாடகைக்கு ஏர் கேட்டுப் போனார். அந்தச் சமயத்தில் எல்லா ஏரும் அவரவர் வயலில் கிடக்கும். உழுது முடித்தவர்களும் தயங்கினார்கள். தம்பிக்கு ஏர் கொடுத்தால் அண்ணனுக்குப் பொல்லாப்பு, அண்ணனுக்குக் கொடுத்தால் தம்பிக்குப் பொல்லாப்பு. பெரியப்பாவும் அதே வாசல்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும்.

விடிகாலையில் ஏர் கட்டும் நேரத்துக்கு வெள்ளை சுவரைப் பார்த்துக் கத்தும். அந்தப் பக்கத்திலிருந்து மயிலை பதில் கொடுக்கும். மாடுகளுக்குக் கோபம் இல்லை, வேலை தெரியும்.

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலைக் கொத்தக் கிளம்பினார். அம்மையும் போனாள். கைப்பிள்ளையாக இருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகவும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். நாலு நாளைக்குத்தான் என்றார்கள். நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது அப்படித்தான். ஆம்பிளைகளின் ரோஷத்துக்கு யாரோ ஒருவர் எதையோ கொடுக்கவேண்டியிருக்கிறது, அந்த வருஷம் என் பங்கு அது.

நாற்றில் கணு விட ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் அம்மை தண்ணீர் கோரப் போனபோது நானும் கூடப் போனேன். கிணற்றின் அந்தப் பக்கம் பெரியம்மை நின்றாள். பாகம் பிரிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் வெளியே பேசிக்கொள்வதில்லை. பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் உத்தரவு.

"எக்கா, நாத்து முத்திப்போச்சு" என்றாள் அம்மை, வாளியைப் பார்த்துக்கொண்டு.

"எங்களுக்கு மட்டும் என்ன, பச்சப்பசேல்னா நிக்கி?"

"மயிலய ஒரு நாளு அவுத்து விடுங்க. எங்க வயல ஒழுததும் ரெண்டையும் ஒங்க வயலுக்கு ஓட்டிவிடுதேன். பிள்ளயளுக்குக் கஞ்சி வேண்டாமா? பொறவு அவ்வோ ரெண்டு பேரும் எப்பிடியும் வெட்டிக்கிட்டுச் சாவட்டும்."

பெரியம்மை தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பெரியப்பாவைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு ஒங்க அத்தான் நாகர்கோவிலுக்கு வக்கீலப் பாக்கப் போறாவ. சுவரு ஒரு சாண் தள்ளி வந்திட்டுதாம். போனதும் கொல்லப்பக்கம் வா."

மறுநாள் காலையில் அம்மை இரண்டு மாடுகளையும் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனாள். நுகத்தையும் கலப்பையையும் எப்படியோ தலையில் தூக்கிக்கொண்டாள். நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அப்பா சேற்றில் நின்று கொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மயிலையை யார் கொடுத்தது என்று கேட்கவில்லை, திட்டவும் இல்லை. மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு வந்து நுகத்தை வைத்தார். வெள்ளை தானாக இடப்பக்கம் போய்க் கழுத்தைத் தாழ்த்தியது, மயிலை வலப்பக்கம் வந்து நின்றது.

அவர் உழ ஆரம்பித்தார். அத்தனை நாள் மண்வெட்டிக்கு மசியாத மண் ஏருக்குப் புரண்டு கொடுத்தது. வரப்பு முனையில் வெள்ளை நின்று சுழல, மயிலை சுற்றி வந்தது. அப்பா மாட்டை ஒரு அடி அடிக்கவில்லை. நாலைந்து சுற்று முடிந்ததும் அவர் முகம் மாறிப்போயிற்று. மாடுகளிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். அம்மை வரப்பில் உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுத்தாள். அவள் சிரித்த முகத்தை அந்த வருஷத்தில் நான் பார்த்தது அந்த ஒரு காலையில்தான்.

அப்போது வரப்பு வழியாக ஊர்க்காரர் ஒருவர் வந்தார். பாகம் வைத்த அன்று பாயில் உட்கார்ந்து சிரித்தவர்களில் ஒருத்தர். நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னடே, அண்ணனும் தம்பியும் ராசியாயாச்சா? யாரு முதல்ல எறங்கி வந்தது?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அப்பா ஏரை நிறுத்தினார். பிறகு நுகத்திலிருந்து மயிலையை அவிழ்த்து, கயிற்றை அம்மையின் மடியில் எறிந்தார்.

"கொண்டு விட்டிரு."

"இன்னும் அரை வயலு கெடக்கு. இஞ்ச பாருங்க, ஒரு நேரம் மட்டும். யாரு என்ன சொன்னா நமக்கென்ன?"

"கொண்டு விடுன்னா கொண்டு விடு. அவன் மாட்டுல ஒழுது நான் திங்கண்டாம்."

அம்மை கெஞ்சினாள். காலைப் பிடித்தாள் என்றே சொல்லவேண்டும், சேற்றில் இறங்கி மண்டியிட்டாள். அவர் மண்வெட்டியை எடுத்துக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

மயிலையைக் கழுவாமலே கட்டவேண்டியதாயிற்று, அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். மாட்டின் காலில் சேற்றைப் பார்த்திருக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எல்லாம் கேட்டது. பெரியம்மை அழவில்லை, அடி விழும் சத்தம் மட்டும்தான் வந்தது. அம்மை அடுப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். வயலிலிருந்து வந்து திண்ணையில் இருந்த அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்து போகவில்லை.

உழுத அரை வயலிலும் கொத்திய அரை வயலிலும் முற்றிப்போன நாற்றை நட்டோம். மாசியில் அறுத்தபோது வைக்கோல் வந்தது, நெல் வந்தது என்று சொல்லமுடியாது. தூற்றினால் பாதிக்குமேல் மணியில்லாத சாவியாகப் பறந்தது. பெரியப்பா வயலும் அதே லட்சணம்தான். அது அப்பாவுக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. இதை நான் கண்ணால் கண்டேன், யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். அதற்குப்பிறகு காலையும் மாலையும் மரச்சீனிக் கிழங்குதான். தம்பி கிழங்கைத் துப்பிவிட்டுச் சோறு கேட்டு அழுவான். மண்ணின் மணம், மழையின் மணம் என்று யாராவது எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு வேகாத கிழங்கின் மணம்தான் மூக்கில் ஏறுகிறது.

அடுத்த சித்திரைக்கு முன்னால் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வயலைப் பாட்டத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்கு தருவதாகப் பேசி, குத்தகைக்குக் கேட்டார். காளையையும் விலைக்குக் கேட்டார். அப்பா உடனே கொடுத்துவிட்டார். "நம்ம பாடு முடிஞ்சுது. இனி அவன் ஒத்த மாட்டக் கெட்டிப் போட்டுக்கிட்டு அழட்டும்" என்றார். வந்தவர் வெள்ளையைத் தெருவில் ஒரு தென்னையில் கட்டிவிட்டு நேரே அடுத்த வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மயிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டன. பிறகு தோளோடு தோள் ஒட்டி, இடமும் வலமும் மாறாமல் நடந்து போயின.

அந்த மனிதர் இரண்டு வயலையும் சேர்த்துப் பயிர்செய்தார். ஏர் திரும்ப இடைஞ்சல் என்று நடு வரப்பை வெட்டி மட்டமாக்கினார். வெட்டலாமா என்று இரண்டு பேரிடமும் கேட்டிருக்கிறார், அவனுக்குச் சம்மதமென்றால் எனக்கும் சம்மதம் என்று இரண்டு பேருமே சொன்னார்களாம். கன்னிப்பூ நன்றாக விளைந்தது. எங்களுக்குப் பாட்டமாக வந்த நெல் ஒரு மாதச் சாப்பாட்டுக்குக்கூடப் போதவில்லை. கும்பப்பூ நடவு வந்தபோது அம்மை அந்த வயலிலேயே கூலிக்கு நடப்போனாள். பெரியம்மையும் வந்திருந்தாள்.

நானும் அன்றைக்கு நாற்று எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். வயலின் நடுவில் வந்ததும் அம்மை நிமிர்ந்தாள். காலால் சேற்றைத் துழாவிப் பார்த்தாள்.

"எக்கா, நம்ம வரப்பு எங்க கெடந்துது?"

பெரியம்மையும் ஒரு தடவை காலால் தேடினாள். "தெரியல்லியே மக்கா. நீ நடு."

சாயங்காலம் கூலி நெல்லைக் குத்தி அம்மை கஞ்சி வைத்தாள். அப்பாவுக்கு முன்னால் வட்டிலை வைத்தாள். அவர் கை கழுவி உட்கார்ந்தார்.

"குடிங்க" என்றாள் அம்மை. "வெள்ளயும் மயிலயும் சேந்து ஒழுத நெல்லு. கூலியா வந்திருக்கு."

அப்பா தலை நிமிராமல் குடித்தார். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.