பேச்சியம்மாள் முகத்தைப் பெரிதாகப் போட்டபோது

பிளக்ஸ் அடிக்கிற கடையில் உட்கார்ந்திருப்பவனுக்கு, ஊரில் யாருக்கு யார் மேல் கோபம் என்பது மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். ஜெராக்ஸ் கடையோ, சலூனோ, மருந்துக் கடையோ, கவுண்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்து பிழைக்கிற எல்லோருக்கும் இந்தச் சங்கடம் புரியும். சண்டை நம்முடையது அல்ல. ஆனால் நம் கடைக்குள்தான் நடக்கும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. கம்ப்யூட்டரை நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். தேர்தல் நேரத்தில்கூட இவ்வளவு பயந்ததில்லை, ஒரு சினிமா விருதுக்குப் பயந்தேன்.

மழைக்கு முன்னால்

புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பேச்சியம்மாள் ஆடு வளர்க்கிறார். ஒரு கோடையில் அங்கே படம் எடுக்க வந்தவர்கள், காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவரையே கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்க வைத்துவிட்டார்கள். கதாநாயகன் பெயரைச் சொல்ல மாட்டேன். என் கடைக்கு முன்பக்கம் கண்ணாடி. பேச்சியம்மாளின் மகன் முத்துராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அந்த நடிகரின் ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் ஊர்ச் செயலாளர்.

விருதுக்கான நாமினேஷன் பட்டியல் வருவதற்கு முன்பே அவன் கடைக்கு வந்தான். "சிறந்த நடிகர் நாமினேஷன் பெற்ற எங்கள் அண்ணனுக்கு வாழ்த்துகள்" என்று அடிக்க வேண்டும். நடுவில் அண்ணன் முகம் பெரிதாக, கீழ் வரிசையில் மன்றத்துப் பையன்கள் முகம் ஸ்டாம்பு அளவில். அம்மாவும் அதே படத்தில் நடித்திருக்கிறாரே, ஒரு ஓரத்தில் வைக்கட்டுமா என்றேன். "நாலு சீன்ல வாரவியளுக்கெல்லாம் எடம் கெடயாது" என்றான். சரி, பட்டியல் வரட்டும், அப்புறம் அடிக்கலாமே என்றேன். முத்துராஜ் என்னை வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"நம்ம ஊர்ல மழை வந்தப்பொறமா அண்ணாச்சி விதைக்கோம்? புழுதியில போட்டுட்டுத்தான வானத்தப் பாக்கோம்."

பட்டியல் வந்தது

அவன் பிளக்ஸை அடித்து, சுருட்டி, மூலையில் நிறுத்தி வைத்திருந்தேன். வாங்கிப் போக நண்பர்களுடன் வந்திருந்தான். அப்போதுதான் பட்டியல் எல்லோருடைய போனிலும் வந்தது. சிறந்த நடிகர் வரிசையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அண்ணன் பெயர் இல்லை.

அப்புறம் ஒருவன் துணை நடிகை வரிசைக்குப் போனான். அங்கே பேச்சியம்மாள் பெயர் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை, கைகொடுக்கவும் இல்லை. "ஏலே முத்து, அண்ணனுக்கு வர வேண்டியத ஒங்க ஆத்தால்லா வாங்கிட்டாவ" என்றான் ஒருவன். விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் முத்துராஜின் காது மடல் சிவந்துவிட்டது. அவன் அந்த நண்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"கண்டனம்னு புதுசா ஒண்ணு போடுங்க அண்ணாச்சி. இந்த விருதப் புறக்கணிக்கோம்னும் போடுங்க. எங்கம்மா மெட்ராசுக்குப் போகாது."

ஒரே திரையில் இரண்டு

"கண்டனம்" என்று பெரிய சிவப்பு எழுத்தில் அடித்து முடிப்பதற்குள், அதே கிராமத்து விவசாயி ரெங்கசாமி உள்ளே வந்தார். உளுந்து போட்ட புஞ்சை ரோட்டோரமாக இருக்கிறது, அதில் பேச்சியம்மாளுக்கு ஊர் சார்பாக வாழ்த்து பிளக்ஸ் வைக்க வேண்டும் என்றார். திரையில் இருந்ததைப் படித்தார். பிறகுதான் பெஞ்சில் இருந்த முத்துராஜைக் கவனித்தார்.

"ஒங்க ஆத்தா பேரு டிவில வருது. நீ கண்டனம் அடிக்க."

"அண்ணனுக்கு இல்லாத விருது எங்க வீட்டுக்கு வேண்டாம் பெரியப்பா."

"ஒங்க வீட்டுக்கு வேண்டாம்னா ஊருக்கு வேணும்."

"வச்சீங்கன்னா கிழிப்பேன்."

மேசை மேல் பிளக்ஸ் வெட்டுகிற கத்தி கிடந்தது. பேசாமல் அதை எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முத்துராஜ் எழுந்துவிட்டான். அவன் நண்பர்களும் எழுந்தார்கள். ரெங்கசாமி மட்டும் துண்டை உதறி அவன் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"கிழி. ஆத்தா மொகத்தக் கிழிச்ச மவன்னு ஒன் மொகத்தப் போட்டு அடுத்த பிளக்ஸ் நான் அடிக்கேன்."

கயத்தாறு மதினி

முத்துராஜ் எதையும் வாங்காமல் போய்விட்டான். வீட்டில் அம்மாவோடு பேச்சு இல்லை, சோறும் கடையில்தான் என்று கேள்விப்பட்டேன். பேச்சியம்மாள் விழாவுக்குப் போகப்போவதில்லை என்று ஊரில் முடிவே கட்டிவிட்டார்கள். ரெங்கசாமியின் பிளக்ஸ் மட்டும் புஞ்சையில் ஏறியது. எழுத்தைச் சிறிதாக்கி முகத்தைப் பெரிதாக்கச் சொன்னவர் அவர்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண் முகம் பிளக்ஸில் பெரிதாக வருவது பூப்புச் சடங்குக்கு, கல்யாணத்துக்கு, அதற்கப்புறம் கண்ணீர் அஞ்சலிக்கு. நடுவில் உள்ள வயதுக்கு பிளக்ஸ் கிடையாது. என் மனைவி முகத்தையும் நான் பெரிதாகப் போட்டது அந்த அஞ்சலிக்கு ஒரு தடவைதான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்றைய பதற்றத்தில் தோன்றவில்லை.

பிளக்ஸ் ஏறிய மறுநாள் மதியம் பேச்சியம்மாளே கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பஸ்ல போன எங்க மதினி ஜன்னல் வழியா எம் மொகத்தப் பாத்துட்டா. கயத்தாறுலயிருந்து மாலையோட வந்து வாசல்ல விழுந்து அழுதா. நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்கேன்" என்றார். பிளக்ஸை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் மூலையில் நின்ற பழைய சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார், மகன் வாங்காமல் போனது. ஆட்டுக் கொட்டகை ஒழுகுகிறது, அதைத் தாருங்கள் என்றார். "அவிய மொகத்த உள்பக்கமாத் திருப்பிப் போடுதேன். நனையாது. இல்லன்னா எம் மவன் அதுக்கும் கோவிப்பான்."

சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கியவர் நின்றார்.

"மதினி அழுதுட்டுப் போயிட்டா, அவ சொல்லி இன்னும் எத்தன பேரு வருவாவளோ. நான் மெட்ராசுக்குப் போய் டிவில உசுரோட நின்னுட்டு வாரேன் அண்ணாச்சி. ஆட்ட அவன் பாக்கட்டும்."

விழாவுக்கு மறுநாள்

ரெங்கசாமியும் அவர் மனைவியும் கூடப் போனார்கள். நானும் டிவியில் பார்த்தேன். கேமரா பேச்சியம்மாள் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். விருது வேறு ஒருவருக்குப் போனது.

மறுநாள் கடை திறக்கும்போதே முத்துராஜ் வாசலில் நின்றான். சட்டையில் ஆட்டு வாடை. கொட்டகையில் அண்ணன் முகத்துக்குக் கீழே உட்கார்ந்து போனில் விழாவைப் பார்த்திருக்கிறான். கண் வீங்கியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ரெங்கசாமியின் புஞ்சைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறானோ என்று நினைத்தேன். கத்தியை எடுத்து உள்ளே வைத்தேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பழைய கண்டனம் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்றேன்.

"அதுல எங்கம்மா மொகத்தப் பெருசாப் போடுங்க அண்ணாச்சி, அம்மாவுக்குக் குடுக்காம விட்டதுக்குக் கண்டனம்னு. கயத்தாறு அத்த பயப்படாம இருக்கச் சிரிச்ச படமாப் போடுங்க. அண்ணன் மொகம் கீழ் வரிசையில ஸ்டாம்பு சைசுல இருந்தாப் போதும்."

விருது யாருக்குப் போக வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் "கண்டனம்" என்ற அந்தச் சிவப்பு எழுத்தை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், அடுத்த கோபத்துக்கு முகத்தை மாற்றினால் போதும்.