இறக்கி வைத்த பானைகள்

சிறுமலை அடிவாரத்தில் அந்த அரசு நிலையத்தைத் திறந்தபோது ஊரில் வேறு எந்த வீட்டையும்விட எங்கள் வீட்டில்தான் சந்தோஷம் அதிகம். மலையிலிருந்த பளியர் பழங்குடியினரில் சில குடும்பங்களை இறக்கிக் கொண்டுவந்து, ஓட்டுக் கொட்டகை போட்டுக் கொடுத்து, ‘பளியர் பாரம்பரிய மண்பாண்ட நடன நிலையம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். நடனம் அவர்களுடையதுதான். பானை வனைய அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே என் தாய்மாமா. அதையும் பாரம்பரியத்தில் சேர்த்து எழுதச் சொன்னதும் அவரே.

மாமாவுக்கு அங்கே தற்காலிக வேலை. என் அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் தாலி என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். மதுரையிலிருந்து அதிகாரி வந்து பார்த்துவிட்டால் நிரந்தரம்தான் என்று மாமா சொல்லி அனுப்பியதும், தம்பியின் பெருமையைக் கண்ணால் பார்க்க அம்மா கிளம்பிவிட்டாள். அத்தையும் நானும் ஒட்டிக்கொண்டோம். எட்டு வயதில் எனக்கு அத்தைதான் எல்லாம். கட்டிக்கொண்டு போனாலும் மாமா வீட்டுக்குத்தானே போகிறாள், நினைத்தால் போய்ப் பார்த்துவிடலாம் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

பஸ்ஸிலிருந்து இறங்கி, நிலையத்துக்குக் கண்மாய் மண் ஏற்றிப் போகும் மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தோம். அத்தை வயதுதான் இருக்கும், ஒரு பளியப் பெண் எனக்கு இலையில் தேன் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள்.

பானையும் நடனமும் அதிகாரியின் கண்ணில் ஒன்றாகப் பட வேண்டும் என்பது மாமாவின் யோசனை. அவர் வருமுன் ஒருமுறை தலையில் பானையோடு ஆடிப் பார்க்கச் சொன்னார். தங்கள் சாமிக்கு அவர்கள் வெறுந்தலையோடுதான் ஆடுவார்கள். ஆனாலும் மறுக்கவில்லை. மேளம் அடித்ததும் ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றினார்கள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“கையை எடுங்க! கையை எடுத்துட்டு ஆடுங்க!”

எடுத்தார்கள். தேன் கொடுத்தவளின் பானை விழுந்து சுக்கு நூறானது. மாமா வேகமாகப் போய் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

மேளம் நின்றுவிட்டது. அவளுக்குப் பரிந்து யாரும் வாய் திறக்கவில்லை. அவள் அழக்கூட இல்லை. மற்றவர்கள் தங்கள் தலையிலிருந்த பானைகளைப் பதனமாக இறக்கிச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். மேளக்காரர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மலைப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள்.

“ஏலே, எங்க போறீங்க? சார் வார நேரம்!” என்று மாமா கத்தினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“பயந்தாங்கொள்ளிக் கூட்டம். ஒரு அடிக்கே ஓடுது பாருக்கா” என்றார் அம்மாவிடம். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அத்தை வண்டிக்காரரிடம் போய், “திரும்பி வருவாகளா?” என்று மெல்லக் கேட்டாள்.

“வரமாட்டாகம்மா. கை நீட்டுன எடத்துல அவுக இருக்க மாட்டாக. சண்டையும் போட மாட்டாக, எந்திரிச்சுப் போயிருவாக. அம்புட்டுதேன்.”

அதிகாரியின் ஜீப் சாயங்காலம் வந்தது. அவர்களுக்குக் காய்ச்சல், மலைக்குப் போயிருக்கிறார்கள் என்று மாமா சொன்னார். அதிகாரி சுவரோரப் பானைகளில் ஒன்றைத் தட்டிப் பார்த்து, நாதம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மாமாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் நிரந்தர வேலையே கிடைத்துவிட்டது.

அப்பா நாள் பார்க்க உட்கார்ந்தபோது அத்தை, “எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ணே” என்றாள். அப்பா கத்திப் பார்த்தார். “ஆம்பளைன்னா கொஞ்சம் கோவம் வரத்தேன் செய்யும்” என்று அம்மா அழுதாள். அத்தை யாரோடும் வாதாடவில்லை. வழக்கம்போல வீட்டு வேலையைப் பார்த்தாள். ஆசிரியைப் பயிற்சிக்கு எழுதிப் போட்டு, இடம் கிடைத்ததும் விடுதிக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பிய அன்று விடியுமுன்பே எழுந்து, வீட்டிலிருந்த குடங்களிலெல்லாம் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “மாமாவுக்குத்தேன் வேலை ஆயிருச்சே, அப்புறம் ஏன் போற?” என்று அழுதேன்.

அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“அன்னைக்கு நீயும் அங்கதானடி நின்னுக்கிட்டிருந்த.”

நின்றுகொண்டுதான் இருந்தேன். ஒரு பானை உடைந்ததற்காக யாராவது கல்யாணத்தை வேண்டாம் என்பார்களா என்று அவள் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது.