அர்மாஸ் மாட்டிக் கொடுத்த டயர்கள்

எங்கள் ஊர் ஹியெத்தவாராவில் அக்டோபர் பிறந்துவிட்டால் அர்மாஸ் கெம்ப்பைனென் வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கோடை டயர்களைக் கழற்றி, ஆணி பதித்த பனி டயர்களை மாட்டிக்கொள்ள ஊரே வந்து நிற்கும். பத்துக் கார்களுக்குக் குறையாது. நகரத்து டயர் கடைக்கு அறுபது கிலோமீட்டர் போகவேண்டும். அர்மாஸோ கூப்பிடு தூரத்தில் இருந்தார். காசு வாங்கமாட்டார். அவர் மனைவி ஹில்க்கா போடும் காப்பியைக் குடித்து, ஏலக்காய் பன்னைத் தின்று, அர்மாஸ் சொல்லும் அறிவுரையையும் கேட்டுவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான். பேசாமல் காசே கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்று சிலருக்குத் தோன்றியதும் உண்டு.

ஆனால் அறிவுரை சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. முப்பத்து நான்கு வருடம் பனி ஒதுக்கும் லாரி ஓட்டியவர். எந்த வளைவில் எந்த மாதம் எந்த மாதிரி ஐஸ் படியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சாலையைப் பற்றி அவர் ஒன்று சொன்னால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

டயர் விஷயத்திலும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு.

"நாலையும் ஒண்ணா மாத்துறதெல்லாம் பணக்காரன் வேலை. ரெண்டு புதுசு வாங்கு, முன்னாடி போடு. பழசு ரெண்டும் பின்னாடி உருண்டு வரட்டும். வண்டிய இழுக்கிறது முன்சக்கரம். திருப்புறது முன்சக்கரம். பின்சக்கரம் என்ன பண்ணுது? சும்மா கூட வருது."

"என்னை மாதிரிதான். நாப்பத்தோரு வருசமா சும்மா கூட வந்துக்கிட்டிருக்கேன்" என்பார் ஹில்க்கா, காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே.

அந்த அக்டோபரில் மருமகள் அவுதியின் காருக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது. புது டயர் இரண்டு முன்னால். ஐந்து குளிர்காலம் தேய்ந்த இரண்டு பின்னால். அவற்றில் பாதி ஆணி உதிர்ந்து போயிருந்தது.

அவுதி வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கும் நர்ஸ். மருந்து கொடுப்பாள், கட்டு மாற்றுவாள், சில வீடுகளில் அடுப்புக்கு விறகும் எடுத்து வைத்துவிட்டு வருவாள். ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓடும். கார் இல்லையென்றால் அந்த வேலை இல்லை. அவள் புருஷன் யார்க்கோ சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். பாதி மாதம் வீட்டில் இருக்கமாட்டான்.

நவம்பர் முதல் வாரம் உறைந்த சாலையின் மேல் மழை பெய்து கண்ணாடிபோல் இறுகியது. இந்தப் பக்கத்து வானிலையில் இதைவிடக் கேடுகெட்டது வேறொன்று இல்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, குழந்தைகள் காப்பகத்திலிருந்து நான்கு வயது வென்லாவைக் கூட்டிக்கொண்டு அவுதி திரும்பிக்கொண்டிருந்தாள். மர ஆலை வளைவில் காரின் பின்பக்கம் அவளை முந்திக்கொண்டு வந்தது. வண்டி முழுதாகத் திரும்பி, பின்னோக்கியே வழுக்கி, பள்ளத்தில் இறங்கி ஒரு பிர்ச் மரத்தில் மோதி நின்றது. பின் இருக்கையில் இருந்த வென்லாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கையுறை ஒன்று தொலைந்துவிட்டதென்று அழுதாள். அவுதிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

அர்மாஸ் போய் டார்ச் அடித்து வளைவைப் பார்த்தார். மறுநாள் ஊர்க் கடையில், ஆம்பளைகள் கூடிக் காப்பி குடிக்கும் மேசையில், விசாரித்தவர்களுக்குச் சொன்னார்.

"வளைவுல பிரேக்கப் போட்டுட்டா. வேற என்ன."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொன்னார். ஆனாலும் அந்த வாயை ஒரு நாள் மூடி வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பேச்சு மதியத்துக்குள் அவுதியின் காதுக்குப் போய்விட்டது.

"நான் பிரேக்கத் தொடவே இல்ல. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள் முதல் வாரம். மூன்றாவது வாரம், "போட்டேனோ என்னவோ, ஞாபகமில்ல" என்றாள். கட்டுப் பிரிக்கும் சமயத்தில், "நான்தான் பிரேக்கப் போட்டுட்டேன். புள்ளையக் கொன்னிருப்பேன்" என்று தன் வாயாலேயே சொல்லத் தொடங்கிவிட்டாள்.

கார் பட்டறையிலிருந்து சரியாகி வந்து வாசலில் நின்றது. அவள் சாவியைத் தொடவில்லை. ஜனவரி ஆறாம் தேதி பண்டிகை விடுமுறை முடிந்ததும் வண்டி எடுத்துக்கொண்டு வேலைக்கு வரவேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். போட்டுக்கொள்ளட்டும் என்றாள் அவுதி. பதினாறு வருட வேலை அது. அவள் வரவில்லையே என்று வழியெல்லாம் கிழவர்களும் கிழவிகளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் யார்க்கோ அப்பாவுக்குப் போன் செய்தான். "அப்பா, நல்ல டயராப் பார்த்து வாங்கிப் போட்டுக் குடுங்க. அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும்."

அர்மாஸ் அந்தக் காரையே எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனார். டயர் கடைக்காரி ரெய்ஜா ஐம்பது வயதுக்காரி, கறார் பேர்வழி. அவுதியின் விபத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, ஆணி வைத்தது, வைக்காதது என்று இரண்டையும் எடுத்துக் காட்டினாள்.

"நகரத்துல சுத்துறவங்களுக்கு ஆணி இல்லாததே போதும். உங்க பக்கம் மழையும் ஐஸும் மாறி மாறி வருது. ஆணி வச்சதே எடுங்க. நாலும் ஒரே மாதிரி."

"ரெண்டு போதும். இப்ப இருக்கிறதவிட நல்லதா முன்னாடி போட்டுக்குறேன்."

ரெய்ஜா காரைச் சுற்றி நடந்தாள். எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று பின் டயரின் பள்ளத்தில் இரண்டு யூரோ நாணயத்தை நிறுத்திப் பார்த்தாள்.

"விபத்தன்னைக்கும் இதே டயர்தானா? இதே இடத்துலயா?"

"ஆமா."

"யார் மாட்டினது?"

"நான்தான்."

அவள் நாணயத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "நல்ல ஜோடி பின்னாடிதான் இருக்கணும், அர்மாஸ். முன்னாடி வழுக்கினா வண்டி நேராப் போகும், மெதுவாக்கிச் சமாளிச்சுக்கலாம். பின்னாடி வழுக்கினா சுத்திடும், எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நான் லாரி ஓட்டுறப்ப நீ பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த."

"உங்க லாரி பத்து டன்னு. பின்சக்கரம் தள்ளுற வண்டி. இது அந்தப் பொண்ணோட சின்ன வண்டி."

அர்மாஸ் ஒன்றும் வாங்காமல் கிளம்பிவிட்டார். வழி நெடுக ரெய்ஜாவைத் திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. ஏரிக்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

அந்த வருடம் குளிர் சீக்கிரமே இறுகி, ஏரி நாற்பது சென்டிமீட்டர் உறைந்திருந்தது. வலை போடுகிறவர்களின் கார்களே அதில் ஓடின. பகல் ஒரு மணி, வெளிச்சம் நீலமாக இருந்தது. அர்மாஸ் நடு ஏரிக்குப் போய், ஐம்பதில் ஓட்டி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். பிரேக்கைத் தொடவில்லை. கார் சுற்றியது. மறுபடி செய்தார். மறுபடியும் சுற்றியது. முப்பத்து நான்கு வருடக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

இறங்கினார். ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, புதியதைப் பின்னுக்கும் பழையதை முன்னுக்கும் மாற்றினார். விரல்கள் மரத்துப்போயின. மறுபடி அதே ஐம்பது, அதே திருப்பம், காலை எடுத்தார். கார் கொஞ்சம் அகலமாகப் போனது. ஆனால் சுற்றவில்லை. ஐந்து தரம் செய்தும் சுற்றவில்லை.

என்ஜினை அணைத்துவிட்டுப் பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே அந்தத் தேய்ந்த டயர்களைத் தன் கையாலேயே மாட்டியிருக்கிறார்.

அடுத்த இரண்டு நாள் ஊருக்கே வேடிக்கையாக இருந்தது. அர்மாஸ் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்தார். முன் டயரைப் பின்னால், பின் டயரை முன்னால். ஏன் என்று கேட்டால், "இப்பல்லாம் அப்படித்தான் போடணுமாம், நகரத்துல சொன்னாங்க" என்றார். காப்பி வேண்டாமென்றார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டார்கள். ஒன்பது வீடு முடிந்தது.

"பத்தாவது வீடு?" என்றார் ஹில்க்கா. ஏரியில் நடந்ததை அவருக்கு மட்டும் அர்மாஸ் சொல்லியிருந்தார்.

"நாலும் புதுசா வாங்கி மாட்டிட்டேன். வண்டி இப்ப நல்லாத்தான் இருக்கு."

"வண்டியப் பத்தி யார் கேட்டா, கிழவா? அந்தப் பொண்ணு தன்னைக் கொலைகாரின்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. உனக்கு வாய் அடைச்சுப்போச்சா?"

மறுநாள் காலை அர்மாஸ் காரை மகன் வீட்டு வாசலில் நிறுத்தினார். அவுதி சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒருவர் மௌனமாக இருப்பது யாருக்கும் வித்தியாசமாகப் படாது. அதனால் அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பிரேக்கப் போடல" என்றார் அர்மாஸ் கடைசியில். "ஏரியில ஓட்டிப் பார்த்தேன். நான் மாட்டின மாதிரி மாட்டினா யார் ஓட்டினாலும் சுத்தும். எனக்கும் சுத்துச்சு. தப்பு என்னோடது."

கத்தி நின்றது. அவுதி தலை நிமிரவில்லை.

"வீடு வீடாப் போய் டயர் மாத்துறீங்கன்னு முதல் நாளே கேள்விப்பட்டேன். ஏன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்களா வர்றீங்களான்னு ரெண்டு நாளாப் பார்த்துக்கிட்டிருக்கேன், மாமா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை மாட்டினாள்.

"சாவியக் குடுங்க. நீங்க பின்னாடி உக்காருங்க."

"பின்னாடியா?"

"வென்லா உக்காந்திருந்த பக்கம்."

குழந்தை இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால் முன் இருக்கையில் இடிக்க, பெரிய உடம்பை மடக்கி உட்கார்ந்தார் அர்மாஸ். அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். மர ஆலை வளைவு நெருங்கியபோது ஐம்பதுக்கு ஏற்றினாள். கண்ணாடியில் அவள் முகம் வெளுத்திருப்பதை அவர் பார்த்தார். வளைவின் நடுவில் காலை எடுத்தாள். அர்மாஸ் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ புயலில் லாரி ஓட்டியவர், தன் ஆயுளில் அப்படி எதற்கும் பயந்ததில்லை. கார் வளைவோடு வளைந்து, நேரானது.

பஸ் நிறுத்தத்தில் ஓரம்கட்டினாள். கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"இப்ப நான் பிரேக்கப் போட்டேனா, மாமா?"

"போடல."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் போடல."

"எங்கிட்டச் சொன்னா எப்படி? எனக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது."

அர்மாஸ் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். "கடைக்கு ஓட்டு" என்றார்.

மணி பத்து. காப்பி நேரம். கடை ஜன்னலுக்குள் ஆறேழு தொப்பிகள் தெரிந்தன. அவுதி என்ஜினை அணைக்காமல் வாசலிலேயே வண்டியை நிறுத்தினாள். அவர் முழங்காலை விடுவித்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி மெல்ல இறங்கினார்.

"நானும் வரணுமா?" என்றாள்.

"வேண்டாம். நீ வேலைக்குப் போற வழியப் பாரு. நான் நடந்தே வீட்டுக்குப் போய்க்கிறேன்."

கடைக்கதவு திறந்து மூடியதும் ஜன்னலுக்குள் தொப்பிகள் எல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பின. அவுதி மேலதிகாரிக்குப் போன் போட்டாள். நாளைக்கே வருகிறேன், என் பழைய வழியையே கொடுங்கள் என்று சொன்னாள்.